இரண்டாம் அங்கத்தில் வந்த பாதை

1985ஆம் ஆண்டு ஒக்டோபர் பதினாறாம் திகதி, புதன்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் லேக்ரிட்ஜ் பாலே குழுவின் ஒத்திகைக் கூடத்துக்குள் முழங்கால் அளவுக்கு உவர்த்தண்ணீர் வந்தது. தண்ணீரில் இறால் இருந்தது. அந்தக் கிழமை அஜின்கோர்ட் கடைகளில் இறால் றாத்தல் ஐந்து டொலர் எண்பது சதம் விற்றபடியால், கூடத்தைத் துப்புரவாக்கும் வேலையில் இருந்த மாமாங்கம் வாளியில் இரண்டு றாத்தல் வரும் என்று மதித்து அள்ளி வைத்துக்கொண்டார். ஆடிக்கொண்டிருந்த பதினான்கு பெண்களும் ஆட்டத்தை நிறுத்தவில்லை, ஏனென்றால் குழுவின் தலைவி மிஸிஸ் ஹாலம் நிறுத்தச் சொல்லவில்லை. பியானோ ஓய்ந்ததும் தண்ணீர் வந்த வழியே வடிந்தது. மிஸிஸ் ஹாலம் சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்து, உள்ளே இருந்த சிறுநண்டை யன்னலுக்கு வெளியே விட்டுவிட்டு, மூன்றாவது வரிசை பிந்துகிறது என்று மட்டும் சொன்னார். அன்று அவர்கள் ஒத்திகை பார்த்த ஆட்டத்தின் பெயர் ‘நீர்ப்பெண்கள்’.

மாமாங்கம் மட்டக்களப்பு வாவிக்கரையைச் சேர்ந்தவர். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான பெரிய ஓடத்துக்கு அந்தப் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். பதினொரு வருடம் அந்தப் பாதையை ஓட்டியவர் அவர். 1983 ஆடி மாதம் பாதைக்கு இரண்டு போல்ட் வாங்கக் கொழும்புக்குப் போனார். அந்தக் கிழமைதான் கலவரம். ஊருக்குத் திரும்பும் வழி அடைபட்டதும் திறந்திருந்த வழிகளில் எல்லாம் நடந்து பார்த்தார்; அவற்றில் ஒன்று பிராங்பேர்ட்டில் போய் முட்டி, அங்கிருந்து ரொறன்ரோவில் வந்து முடிந்தது. மனைவி நாகேஸ்வரி மண்டூரில். இவருடைய அகதி வழக்கு விசாரணைக்கு எடுபடாதவரை அவரைக் கூப்பிட வழியில்லை. இவருக்கு முன்னால் வரிசையில் ஆயிரக்கணக்கான ஆட்கள் என்று குடிவரவுக் கந்தோரில் சொன்னார்கள். எப்போது என்று கேட்டதற்கு, கந்தோர்ப் பெண் மேலே முகட்டைப் பார்த்தாள். அன்றிலிருந்து மாமாங்கம் எங்கும் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்கவில்லை. சாப்பாடு நின்றபடி. அஜின்கோர்ட்டிலிருந்து விட்பிக்கு பஸ்ஸும் ரெயிலும் மாறிப் போகும் ஒன்றேமுக்கால் மணித்தியாலமும் நின்றபடி. நித்திரையில்கூட இடம் மாறிக்கொண்டே இருப்பார் என்று அவரோடு ஒரே அப்பார்ட்மென்டில் இருந்த நெடுந்தீவு அகஸ்ரின் சொல்லுவான். அகஸ்ரின் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்தவன், மிகைப்படுத்தத் தெரியாதவன்.

விட்பிக் கூடம் முன்பு தக்காளி ரின்னில் அடைக்கிற தொழிற்சாலையாக இருந்தது. மாமாங்கம் அதன் தரையைத் துடைக்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கோலம் என்பதைக் குழுவில் எல்லோரும் கவனித்திருந்தார்கள். ஆனால் தரை அவ்வளவு சுத்தமாக முன்னெப்போதும் இருந்ததில்லை என்பதால் அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ‘காட்டுத் திருமணம்’ என்ற ஆட்டத்தை ஒத்திகை பார்த்தால் பாலைமரம் முளைத்து அரை மணித்தியாலத்தில் காய்த்துப் பழுத்துவிடும். ஆட்டக்காரிகள் பாலைப்பழத்தைத் தின்று, உதடு இரண்டும் பசையில் ஒட்டிப்போய், மாலைவரை பேசாமல் திரிவார்கள். மிஸிஸ் ஹாலத்துக்கு அது பிடித்திருந்தது. ‘பனி இளவரசன்’ ஆடினால் கூடத்துக்குள் எட்டு அங்குலம் பனி கொட்டும். ஆனால் விட்பியில் அது வெளியிலும் கொட்டுகிறபடியால் அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

நீர்ப்பெண்களின் நாலாவது ஒத்திகையில் தண்ணீரோடு அறுந்த வலைத்துண்டு ஒன்று வந்தது. அதில் கட்டியிருந்த மிதப்புகள் நீல றப்பர்ச் செருப்பில் வெட்டியவை. மூலையைச் சரித்து வெட்டுகிற வெட்டு. அது நாகேஸ்வரியின் தம்பி வீரக்குட்டியின் வெட்டு என்று மாமாங்கத்துக்கு ஒரு பார்வையில் விளங்கியது. அடுத்த ஒத்திகைக்கு ஒரு ஜாம் போத்தலுக்குள் கடிதம் வைத்து, மெழுகுதிரியை உருக்கி மூடியை அடைத்து, பியானோ ஓய்வதற்குச் சற்று முன்னால் தண்ணீரில் விட்டார். போத்தல் வடிகிற தண்ணீரோடு போயிற்று. ஒன்பதாம் நாள் அதே போத்தலில் பதில் வந்தது. கனடாத் தபாலில் போட்டிருந்தால் ஆறு கிழமை.

“போல்ட் வாங்கப் போன மனிசன் போத்தலுக்க கடதாசி அனுப்புறார்,” என்று நாகேஸ்வரி எழுதியிருந்தார். “இஞ்ச நாங்க இருக்கம். ராவையில படுக்க ஏலா, எப்ப ஆமிக்காரனுகள் சுத்திவளைப்பானுகள் எண்டு தெரியா. உங்கட பாதைய இப்ப வீரக்குட்டிதான் ஓட்டுறான். மறுகா, வாவிக்குள்ள கிழமையில ரெண்டு நாள் பியானோச் சத்தம் கேக்குது. அது உங்கட பக்கமெண்டா மெல்லமா வாசிக்கச் சொல்லுங்க, மீன் எல்லாம் வலைக்குத் தப்பி அங்கால ஓடுது.”

மாமாங்கம் இதைப் பியானோக்காரருக்குச் சொல்லவில்லை. விளக்குமாற்றுத் தடியில் கத்தியால் அடையாளம் வெட்டி, ஒவ்வொரு ஒத்திகையிலும் தண்ணீரின் ஆழத்தை அளக்கத் தொடங்கினார். சின்னக் கூடத்தில் ஆறு பெண்கள் ஆடினால் கணுக்கால். பெரிய கூடத்தில் பதினான்கு பெண்கள் ஆடினால் முழங்கால். இடமும் ஆட்களும் கூடக் கூட ஆழம் கூடியது. பாதை மிதக்க அரைத் தொடையளவு தண்ணீராவது வேண்டும். விட்பிக் கூடம் அதைத் தராது என்று கணக்குச் சொன்னது. அவருக்கு வேண்டியிருந்தது பெரியதொரு மேடை.

1986 இலையுதிர்காலத்தில் அது கிடைத்தது. ரொறன்ரோ நகரத்தின் நடுவில் உள்ள பெரிய அரங்கு ஒன்று, மாகாணத்துச் சிறு குழுக்களுக்கு இடம் கொடுப்பது என்று தீர்மானித்து, லேக்ரிட்ஜ் குழுவுக்கு அடுத்த பங்குனி இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு ஆகிய மூன்று மாலைகளையும் ஒதுக்கியது. ஒரே ஒரு ஆட்டம் கொண்டுவரலாம். ரொறன்ரோவில் எடுபட்டால் ஒட்டாவா, மொன்றியல். எடுபடாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவது என்று நிர்வாகசபை முடிவுசெய்திருந்தது. எதைக் கொண்டுபோவது என்று தெரிவுசெய்ய மூன்றுபேர் கொண்ட குழு அமைந்தது: மிஸிஸ் ஹாலம், பியானோக்காரர், நிர்வாகசபைத் தலைவரான மார்க்கம் நகரப் பல்வைத்தியர் டொக்டர் வின்ரர்ஸ். இந்த மூவரும் செப்டெம்பரில் கூடினார்கள். தை வரைக்கும் பிரிந்துபிரிந்து கூடினார்கள். அவர்கள் கூடும் அறையின் தரை அந்த நாலு மாதத்தில் எழுபது தடவை துடைக்கப்பட்டது.

பனி முதலில் விழுந்தது. மேடைக்குள் பனி அள்ளுவது தங்கள் ஒப்பந்தத்தில் இல்லை, அது நகரசபையின் வேலை என்று அரங்கின் தொழிலாளர் சங்கம் எழுதி அனுப்பியது. அடுத்தது காடு. அரங்கின் தரை மேப்பிள் பலகை. அதைத் துளைத்துக்கொண்டு இன்னொரு மரம் முளைப்பதற்குக் காப்புறுதி கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. நீர்ப்பெண்களை டொக்டர் வின்ரர்ஸ் கையோடு மறுத்தார். அந்த ஆவணியில்தான் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த நூற்றைம்பத்தைந்து தமிழர்களை மீன்பிடிகாரர் ஏற்றிக் கரைசேர்த்திருந்தார்கள். பத்திரிகைகள் அதையே மாதக்கணக்கில் மென்றுகொண்டிருந்தன. தண்ணீர் சம்பந்தப்பட்ட எதையும் இந்த வருடம் மேடையேற்றுவது புத்தியல்ல என்றார் டொக்டர். அவருடைய தெரிவு ‘நான்கு கதிரைகள்’. நாலுபேர் நாலு கதிரையில் இருந்து எழும்புவார்கள், திரும்ப இருப்பார்கள். அதில் தண்ணீர் இல்லை, மரம் இல்லை, ஒன்றுமே இல்லை. பியானோக்காரருக்கும் அதுதான் விருப்பம். வாசிக்கிறதுக்கு ஆறே ஆறு சுரம்.

அன்று மாமாங்கம் வீட்டுக்குப் போய் சமையலறைக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார். அகஸ்ரின் சோற்றுக் கோப்பையோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணை, கீழ்வீட்டுக்காரன் ரண்டு தரம் முகட்டில தட்டிப்போட்டான்,” என்றான். “உந்த வெள்ளைக்காரர் கதிரையில இருந்து எழும்பினா என்ன, எழும்பாட்டி என்ன?”

மாமாங்கம் விஷயத்தைச் சொன்னார். அகஸ்ரின் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

“உங்கட மட்டக்களப்பு ஆக்கள் மந்திரம் தெரிஞ்ச ஆக்களெண்டு எங்கட ஊரில கதைக்கிறவை. அப்ப ஏன் அண்ணை மந்திரிக்காமல் தும்புத்தடியோட நிக்கிறியள்? போய் அந்த வெள்ளைக்கார மனிசியிட்ட வாயைத் திறந்து கேளுங்கோவன்.”

நான்கு கதிரைகளை ஒத்திகை பார்க்கத் தொடங்கினார்கள். டொக்டர் சொன்னபடியே ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒன்றுமில்லாததும் தன் வேலையைச் செய்தது: இருந்த பொருட்கள் போகத் தொடங்கின. முதல் நாள் சுவர் மணிக்கூடு. இரண்டாம் நாள் பியானோவின் முக்காலி; பியானோக்காரர் அதில் இருந்தபடியே அது போயிற்று. மூன்றாம் நாள் நாலு கதிரையில் ஒன்று போனது. ஆட்டத்தின் பெயரை மாற்றலாம் என்று டொக்டர் வின்ரர்ஸ் சிரித்துச் சொல்ல, சிரித்த வாயில் தங்கப்பல் இல்லாமல் இருந்தது. அவர் நாக்கால் தடவிப் பார்த்தார். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, தனக்கு இனி எந்த அபிப்பிராயமும் இல்லை என்று சொல்லிவிட்டு மார்க்கத்துக்குக் காரை எடுத்தார்.

மிஸிஸ் ஹாலம் தனியே மேசையில் இருந்தார். திகதி தை இருபது. அடுத்த நாள் அரங்குக்குப் பெயர் கொடுக்க வேண்டும். காலடியில் தரை துடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்த ஒரே மூலையை ஏன் இப்படித் துடைக்கிறீர்கள் என்று அவர் கேட்டார்.

“மடம்,” என்றார் மாமாங்கம். “வோட்டர் டான்ஸ். பிக் ஸ்டேஜ், பிக் வோட்டர். மை வைஃப் கமிங்.”

எவ்வளவு ஆழம் வரும் என்று மிஸிஸ் ஹாலம் கேட்டார். மாமாங்கம் தடியை நிமிர்த்தி, இருபத்துநான்கு பெண்கள் ஆடினால் என்று இடுப்பளவில் ஒரு வெட்டைக் காட்டினார். மனைவி எந்தப் பக்கத்தால் வருவார் என்று அடுத்த கேள்வி. வலப்பக்கத்தால், இரண்டாம் அங்கத்தில் என்று கையாலும் வாயாலும் சொன்னார். மிஸிஸ் ஹாலம் பென்சிலை எடுத்தார்.

“அப்படியானால் இரண்டாம் அங்கத்தில் வலப்பக்கத்தை வெறுமையாக விடவேண்டும்,” என்றார். “கால் வேலை ஒன்றும் தெரியப்போவதில்லை. எல்லாவற்றையும் கைக்கு மாற்றுகிறேன்.”

பத்து பெண்களைப் புதிதாக எடுத்தார்கள். மாமாங்கம் போத்தலில் நேரம் எழுதி அனுப்பினார்: இங்கே மாலை எட்டு ஐம்பது என்றால் அங்கே அடுத்த நாள் காலை ஏழு இருபது, இசை நாற்பது நிமிடம், இசை நிற்பதற்குள் ஏறி, வந்து, இறங்க வேண்டும், நின்றால் தண்ணீர் வடிந்துவிடும், வடிந்தால் நடுவில் எங்கே நிற்பீர்கள் என்று சொல்ல முடியாது. ஒன்றையும் விடாமல் எழுதியதாக நினைத்தார்.

முதல் மாலை இரண்டாம் அங்கம் தொடங்கி மூன்றாம் நிமிடம் தண்ணீர் வந்தது. இடுப்பளவு ஏறி, மேடையின் விளிம்பில் வெட்டிவைத்த வட்டிலப்பம் போல ஆடாமல் நின்றது. முன்வரிசையில் ஒரு துளி தெறிக்கவில்லை. இருபத்துநான்கு பெண்கள் தண்ணீருக்கு மேலே கைகளால் மட்டும் ஆடினார்கள். மாமாங்கம் கறுப்புச் சட்டையோடு வலப்பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டு நின்றார். நாற்பது நிமிடமும் போயிற்று. பாதை வரவில்லை. கடைசிச் சுரத்துக்கு முன் போத்தல் மட்டும் வந்து அவருடைய இடுப்பில் முட்டியது. “ஒன்பது பேர்தான். பாதை நிறையல்ல,” என்று இருந்தது.

அப்போதுதான் அவருக்குத் தலையில் அடித்ததுபோல் இருந்தது. பாதை நிறையாமல் துறையை விட்டு எடுப்பதில்லை. பதினேழு பேர் ஏற வேண்டும், இல்லையென்றால் நிற்க வேண்டும்; அதுதான் அந்தத் துறையின் வழக்கம். அந்த வழக்கத்தை மாமாங்கத்தைப் போல யாரும் காப்பாற்றியதில்லை. தலைமை வாத்தியாரை ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறார். கலியாண மாப்பிள்ளை ஒருவரை முகூர்த்தம் தப்பும்வரை வைத்திருந்து, பதினேழாவதாக ஒரு பிச்சைக்காரர் வந்து ஏறிய பிறகே தள்ளியிருக்கிறார். நேரத்தையும் ஆழத்தையும் கணக்குப் பார்த்த மனிதர் ஆட்களைக் கணக்குப் பார்க்க மறந்துபோனார். அவசரமாக நிகழ்ச்சித்தாளைக் கிழித்து, ஒன்பது பேரோடு வெளிக்கிடச் சொல்லு என்று எழுதிப் போத்தலை வடிகிற தண்ணீரில் விட்டார்.

இரண்டாம் மாலை பதில் வந்தது. “பதின்மூண்டு பேர். குறையாக எடுக்க மாட்டானாம் வீரக்குட்டி. அத்தான்தான் இந்தச் சட்டத்தப் படிப்பிச்ச, அவர் இஞ்ச வந்து நேர சொன்னா எடுக்கிறன் எண்டு நிக்கிறான். வாய் திறந்தா உங்கட பேரத்தான் சொல்றான். என்ன மனிசன் கா நீங்க.”

அன்று மாமாங்கம் அஜின்கோர்ட் வரைக்கும் நடந்தே போனார். ஒரு நாள் மட்டுமே மிச்சம். குழு திரும்ப ரொறன்ரோ வருமா என்பதே தெரியாது. முதல் இரண்டு மாலைகளும் அரங்கு பாதிதான் நிறைந்திருந்தது.

மூன்றாம் மாலை, சனிக்கிழமை. நாற்பதாவது நிமிடத்தில் தண்ணீர் தெளிவாகவும் வெறுமையாகவும் கிடந்தது. வாத்தியக்குழுவை நடத்துகிறவர் கோலைத் தாழ்த்தப் போகையில், மிஸிஸ் ஹாலம் திரையோரத்தில் நின்று ஒரு விரலைச் சுழற்றினார்: திரும்ப முதலிலிருந்து. நடத்துகிறவர் அவரைப் பார்த்தார், அவர் நடத்துகிறவரைப் பார்த்தார். பெண்கள் திரும்ப ஆடினார்கள். அது முடிய இன்னொரு தரம். குளிரில் உதடு நீலம் பாரித்தபோதும் ஒருத்தியும் வரிசை குலையவில்லை. சபையில் சிலர் எழும்பிப் போனார்கள். போனவர்களில் பாதிப்பேர் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்று பார்த்தார்கள். மூன்றாவது தரம் மீட்டும்போது வயலின்காரர் ஒருவரின் தந்தி அறுந்தது. மாமாங்கம் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார், எதை எண்ணுகிறார் என்று தெரியாமலே.

அங்கே மண்டூரில் அன்று விடியப்புறம் சுற்றிவளைப்பு வரப்போகிறது என்று ஒரு கதை அடிபட்டது. பாதை கனடாவுக்குப் போகிறதாம் என்று இன்னொரு கதை. இரண்டும் சேர்ந்து துறையை நிறைத்துவிட்டன. பதினேழு பேர், இரண்டு சைக்கிள், ஒரு கன்றுக்குட்டி. வீரக்குட்டி தலைகளை இரண்டு தரம் எண்ணி, கன்றைச் சேர்க்காமல் மூன்றாம் தரமும் எண்ணி, சரி என்றான். வலப்பக்கத்துத் திரையை முட்டிக்கொண்டு பாதை மேடைக்குள் வந்தபோது ரொறன்ரோவில் நேரம் பத்து நாற்பது. பெண்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். அந்தப் பிரிவை மிஸிஸ் ஹாலம் தை மாதமே எழுதி வைத்திருந்தார்.

நாகேஸ்வரி சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். மாமாங்கம் திரைக்குப் பின்னால் இருந்து வெளிச்சத்துக்குள் வந்துவிட்டது அவருக்கே தெரியாது. இருவரும் ஏறத்தாழ நாலு வருடத்துக்குப் பிறகு மூவாயிரம் பேருக்கான அரங்கில், விளக்குக்கு நேர்கீழே, இடுப்பளவு தண்ணீரில் எதிரெதிரே நின்றார்கள்.

“மெலிஞ்சு போனீங்க,” என்றார் நாகேஸ்வரி. “மறுகா பாக்கலாம். இந்தப் பெட்டியப் பிடிங்க, நனையப்போகுது.”

சபை எழும்பி நின்று கைதட்டியது. பதினேழு பேரும் இறங்கி, கன்றையும் இறக்கிய பிறகுதான் மிஸிஸ் ஹாலம் கையை உயர்த்தினார். இசை நின்றது, தண்ணீர் போயிற்று. வீரக்குட்டி திரும்பிப் போவதற்கு ஆட்களைக் கூப்பிட்டுப் பார்த்தான். சபையில் இருந்து ஒருவரும் ஏறவில்லை. வெறும் பாதையை எடுக்க அவனால் ஏலாது என்பதால் அவனும் நின்றுவிட்டான். பாதையை லொறியில் ஏற்றி விட்பிக்குக் கொண்டுபோய், குழுவின் மேடைப் பொருட்களோடு சேர்த்துப் பதிந்து வைத்தார்கள். திங்கட்கிழமைப் பத்திரிகையில் விமர்சகர் ஒருவர், ஓடம் வருகிற கட்டம் சற்று நீளம் என்றாலும் கன்றுக்குட்டியின் நடிப்பில் குறை சொல்ல முடியாது என்று எழுதினார். ஒட்டாவாவும் மொன்றியலும் கேட்டு எழுதின.

குடிவரவு அதிகாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை அரங்குக்கே வந்தார். அவருடைய படிவத்தில் ஆகாயம், கடல், தரை என்று மூன்றே மூன்று பெட்டி. எதில் அடையாளம் போடுவது என்று அவர் மிஸிஸ் ஹாலத்தைக் கேட்டார். இரண்டாம் அங்கம் என்றார் மிஸிஸ் ஹாலம். அதிகாரி மூன்று பெட்டிக்கும் கீழே கோடு இழுத்து அதையே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். வீரக்குட்டியுடையதோடு பதினெட்டு அகதிக் கோவைகளும் மற்றவர்களுடைய கோவைகளோடு சேர்ந்து வரிசையில் ஏறின.

அதன் பிறகு ஆட்டம் தெரிவுசெய்யும் குழுவுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. ஆழ்கடல் ஆட்டம் ஏதும் கைவசம் இருக்கிறதா என்று கேட்டு அகஸ்ரின் மட்டும் நாலு கடிதம் போட்டான். நெடுந்தீவு ஆட்களைக் கொண்டுவர வாவி போதாது. 1988இல் மிஸிஸ் ஹாலம் ஒரு கடல் ஆட்டத்தை அமைக்கத் தொடங்கினார். டொக்டர் வின்ரர்ஸ் கூட்டங்களுக்கு வருவார், வாயைத் திறக்கமாட்டார்.

1989 வைகாசியில் ஸ்காபரோவில் ஒரு கலியாண வீடு. நாகேஸ்வரிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் புதிதாக அறிமுகமானவர். பெயர் பேர்ணடெற், ஊர் மன்னார். முதலில் ஊரைக் கேட்டார், பிறகு அந்த நாளில் எல்லோரும் எல்லோரையும் கேட்பதைக் கேட்டார்: எந்த றூட்டால வந்தனீங்கள்?

“பாலேயால,” என்றார் நாகேஸ்வரி.

“எவ்வளவு காலம் பிடிச்சது?”

“வந்தது ஒரு மணித்தியாலம். பாதை நிறையத்தான் மூண்டு நாள்.”

பேர்ணடெற் பலகாரத் தட்டை நாகேஸ்வரியின் பக்கம் தள்ளினார்.

“அது பறவாயில்லை,” என்றார். “எங்களுக்கு மொஸ்கோவில மட்டும் ஏழு மாதம்.”